முதல் டியர்டிராப் கேம்பர்: தச்சு எளிது, தண்ணீரும் பாரமும்தான் கடினம்

கேள்வியின் சாரம் இது: புத்தக அலமாரியும் ஒரு காபி மேசையும் செய்த அளவுக்குத்தான் மரவேலை அனுபவம். வட கரோலைனாவில் வீட்டு கராஜ். 4×8 அடி மடிப்பு டிரெய்லர் கிட் ஒன்று வாங்கியாகிவிட்டது. இழுக்கப்போவது ஹோண்டா சிஆர்-வி. இதன்மேல் இருவர் படுக்கவும் பின்னால் சமைக்கவும் தோதாக ஒரு மர டியர்டிராப் (கண்ணீர்த்துளி வடிவில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்னப் படுக்கை வண்டி) கட்ட முடியுமா? எந்தப் பலகை, எந்த வரிசை, எங்கே சிக்கல் வரும்?

முடியும். அலமாரி செய்தவருக்கு இதில் புதிதாக வரும் தச்சு நுட்பம் மிகக் குறைவு. பொருத்துகள் எல்லாம் பசையும் ஸ்க்ரூவும்தான். உளி எடுக்க வேண்டிய இடம் ஒன்றிரண்டு. அமெரிக்காவில் 1930-களிலிருந்து வீட்டுக் கொட்டகைகளில் சாதாரண ஆட்கள் இதைக் கட்டிவருவதற்குக் காரணமே அதுதான். ஆனால் அலமாரி மழையில் நிற்காது, மணிக்கு 60 மைலில் ஓடாது. வீட்டில் கட்டிய டியர்டிராப்கள் வீணாவது ப்ளைவுட்டின் வெட்டு விளிம்புக்குள் தண்ணீர் இறங்கி உளுத்துப்போவதால். சாலையில் ஆபத்தாவது பாரம் தப்பான இடத்தில் உட்காருவதால். உங்கள் நேரத்தையும் பணத்தையும் இந்த இரண்டிலும் போடுங்கள். வால்நட் அலமாரிக் கதவெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மரத்தைத் தொடும் முன் டிரெய்லரை முழுதாகப் பூட்டி, விளக்கு எரியவைத்து, வெறும் டிரெய்லராகவே பதிவு செய்துவிடுங்கள். கிட்டோடு வந்த தயாரிப்பாளர் சான்றிதழ் இருக்கும்போது அது எளிய வேலை. மேலே வீடு கட்டிய பிறகு போனால் பல மாநிலங்களில் 'வீட்டில் கட்டியது' என்ற கணக்கில் ஆய்வு, எடைச்சீட்டு, ரசீதுக் கத்தை என்று நீளும். ரசீதுகளை எப்படியும் வைத்திருங்கள். சக்கர பேரிங்கில் கிரீஸ் போதுமா என்று இப்போதே கழற்றிப் பாருங்கள். கடையிலிருந்து வந்தபடியே நம்பி ஓட்ட வேண்டாம். மடிப்பு வசதி இனி தேவையில்லை. மடிப்பு மூட்டில் இருபுறமும் போல்ட் போட்டு ஒரே சட்டமாக்கிவிடுங்கள்.

இப்போது எடை. பெட்ரோல் சிஆர்-வியின் (ஹைப்ரிட் அல்ல) இழுவை வரம்பு அமெரிக்காவில் 1,500 பவுண்டு. காருக்குள் ஆட்களும் சாமானும் ஏற ஏற அது நடைமுறையில் இன்னும் குறையும். அதனால் டிரெய்லரும் அதில் ஏறும் சாமானும் சேர்ந்து 1,000 பவுண்டுக்குள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பலகையைத் தேர்ந்தெடுங்கள். இரும்புச் சட்டமும் சக்கரமும் சுமார் 250. தரை 65. சுவர் இரண்டும் 120. தடுப்புப் பலகையும் சமையல் அலமாரியும் 70. கூரைச் சட்டங்கள், உள்கூரை, வெளிக்கூரை ப்ளைவுட் எல்லாம் 75. பின்மூடி (பின்புறச் சமையல் மேடையை மூடும் வளைந்த கதவு) 50. கூரை அலுமினியத் தகடு 30. கதவுச் சாமானும் சன்னலும் 30. விசிறி, விளக்கு, ஒயர் 25. மெத்தை 25. பசை, பெயிண்ட், ஸ்க்ரூ 25. லித்தியம் பேட்டரி 25. மொத்தம் 790. அதே 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியை ஏஜிஎம் (ஈய-அமில) வகையில் எடுத்தால் 60 பவுண்டைத் தாண்டும். ஏழு கேலன் தண்ணீர் 58 பவுண்டு. ஐஸ் பெட்டி, அடுப்பு, நாற்காலி எல்லாம் ஏற்றினால் 960-ஐத் தொடும். முக்கால் அங்குலப் பலகையில் அழகழகான அலமாரி இழைக்கும் ஆசை வரும்போது இந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள். உள் அலமாரிகளுக்கு 1/4 அல்லது 3/8 அங்குல ப்ளைவுட்டும் முகப்பில் 3/4 அங்குலச் சட்டமும் போதும்.

அகலத்தில் ஒரு பொறி இருக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் பலர் விழும் இடம் இது. ப்ளைவுட் 48 அங்குல அகலம், டிரெய்லரும் 48 அங்குலம். அதனால் தரையை 48-ஆகவே போட்டு, சுவரை அதன் பக்கவாட்டில் நிறுத்துகிறார்கள். சுவர் ஒவ்வொன்றும் 3/4 அங்குலம். ஆக வெளி அகலம் 49 1/2. கூரைக்கு வாங்கிய 48 அங்குல ப்ளைவுட்டும் அலுமினியமும் ஒன்றரை அங்குலம் பற்றாமல் போகும். அதைக் கண்டுபிடிப்பது சுவர் ஒட்டிய பிறகுதான். தரையை 46 1/2 அங்குலமாக வெட்டினால் வெளி அளவு சரியாக 48-இல் நிற்கும். இல்லாவிட்டால், 5×5 அடியில் வரும் பால்டிக் பிர்ச் ப்ளைவுட்டால் கூரை போட்டு, அலுமினியத்தை அகலச் சுருளாக வாங்க வேண்டும். பால்டிக் பிர்ச் 2022-க்குப் பிறகு ரஷ்ய வரத்து குறைந்து விலை ஏறிய சரக்கு. முதல் முயற்சிக்கு 46 1/2 தரையே என் பரிந்துரை. உள்ளே இருவர் படுக்க அது நெருக்கம்தான்: வழக்கமான ஃபுல் அளவு மெத்தை 54 அங்குலம். ஃபோம் வாங்கி அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு ப்ளைவுட்டின் 48 அங்குலமே வரம்பு. சுவர், தரையின் 3/4 அங்குல விளிம்பை மூடிக்கொண்டு இறங்கும். மேலே ஒன்றரை அங்குலக் கூரைச் சட்டமும் உள்கூரையும் போக, 4 அங்குல மெத்தையின் மேல் 41 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் இருக்கும். ஆறடி ஆள் நிமிர்ந்து உட்காரலாம்.

ப்ளைவுட் வாங்கும்போது முத்திரையைப் படியுங்கள். 'எக்ஸ்போஷர் 1' என்றால் பசை தண்ணீர் தாங்கும், ஆனால் பலகை கட்டுமானத்தின்போது சில நாள் மழை படுவதற்கானது மட்டும். 'எக்ஸ்டீரியர்' என்றால் நிரந்தரமாக வெளியே நிற்க. தரைக்கும் சுவருக்கும் எக்ஸ்டீரியர் வகை வாங்குங்கள். பிர்ச் பார்க்க அழகு, வழக்கமாகப் பசையும் நல்லது. ஆனால் மரம் உளுப்பைத் தாங்காது. ஈரம் பட்டால் விளிம்பிலிருந்து கருக்கும். சந்தேகம் இருந்தால் கைப்பிடி அளவு துண்டை வெட்டிச் சில மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்து, காயவைத்து, மறுபடி கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். வெட்டிய விளிம்பில் உள்ளடுக்கில் ஓட்டை தெரிந்தாலும் வேண்டாம். அந்த ஓட்டையில் போகும் ஸ்க்ரூ பிடிக்காது, போகும் தண்ணீர் வெளியே வராது. அழுத்த ரசாயனம் ஏற்றிய பச்சை மரத்தைத் தரைச் சட்டத்துக்குப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அதில் உள்ள செம்பு அலுமினியத்தையும் சாதாரண ஸ்க்ரூவையும் அரிக்கும், எடையும் அதிகம். தவிர்த்துவிடுங்கள்.

சுவரை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று, 3/4 அங்குல ப்ளைவுட்டை ஒரே பலகையாக நிறுத்துவது. மற்றது, அதே பலகையில் பெரிய சன்னல்களாக வெட்டி எடுத்து, ஃபோம் நிரப்பி, இருபுறமும் மெல்லிய ப்ளைவுட் ஒட்டுவது. இரண்டாவது இலேசு, வெப்பமும் தங்கும். ஆனால் ஒட்டும் வேலை மூன்று மடங்கு. எங்கோ ஓரிடத்தில் பசை பிடிக்காவிட்டால் வெயிலில் கொப்புளம் கிளம்பும். முதல் கேம்பருக்கு ஒற்றைப் பலகையே போதும். சுவருக்குள் ஒயர் ஓட இடம் இருக்காது. அதனால் ஒயரெல்லாம் கூரைக்குள்ளும் அலமாரிக்குப் பின்னாலும் போகும்படி முன்கூட்டியே வரைந்துகொள்ளுங்கள்.

முதலில் வளைவு. நேராக ப்ளைவுட்டில் வரையாதீர்கள். 1/8 அங்குல ஹார்ட்போர்டில் அச்சு செய்யுங்கள். முக்கியப் புள்ளிகளில் ஆணி அடித்து, 1/4 அங்குலத் தடிமனில் முடிச்சில்லாத மெல்லிய ரீப்பர் ஒன்றை ஆணிகளைத் தொட்டு வளைத்து, அதன் ஓரமாகக் கோடு போடுங்கள். ரீப்பர் எந்த ஆணியைத் தொட மறுக்கிறதோ அந்த ஆணியைத்தான் நகர்த்த வேண்டும், ரீப்பரை அழுத்தக் கூடாது. முன்வளைவின் ஆரம் 18 அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1/8 அங்குல பிர்ச் ப்ளைவுட் அந்த அளவுக்கு உலர்ந்தபடியே வளையும். 1/4 அங்குலம் வளையாது, வெடிக்கும். அதிலும் திசை உண்டு: மேலடுக்கின் ரேகை கேம்பரின் குறுக்காக ஓடினால் பலகை சுலபமாகச் சுருளும், நீளவாக்கில் ஓடினால் எதிர்க்கும். வாங்கும் முன் ஒரு பலகையைப் பிடித்து இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அச்சை ஒரு ப்ளைவுட்டின் மேல் வைத்துக் கோடு போட்டு, ஜிக்சாவால் கோட்டுக்கு 1/8 அங்குலம் வெளியே அறுங்கள். பிறகு அச்சைச் சிறு ஸ்க்ரூவால் பொருத்தி, ரவுட்டரில் பேரிங் வைத்த ஓரவெட்டு பிட்டால் சீராக்குங்கள். இரண்டாவது சுவரை முதல் சுவரின் மேலேயே கிடத்தி அதேபோல் வெட்டுங்கள். இரண்டும் அரை மில்லிமீட்டர் வித்தியாசமில்லாமல் இரட்டையாக இருக்க வேண்டும். பின்னால் பின்மூடி மூடாமல் தொல்லை தருவதில் பாதி இங்கே பிறக்கிறது. அச்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்மூடி விலாச் சட்டங்களுக்கு அதுதான் தாய்.

கதவு எங்கே வரும் என்பதை மட்கார்டு தீர்மானிக்கும். 12 அங்குலச் சக்கர டிரெய்லரில் மட்கார்டு தரை மட்டத்துக்கு மேலே எழும்பி நிற்கும். கதவு அதன்மேல் இடிக்காமல் திறக்க வேண்டும். காகிதத்தில் கணக்கிடாமல், டிரெய்லர் பக்கத்தில் அட்டையைப் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். கதவின் மூலைகளை 3 அங்குல ஆரத்துக்காவது உருட்டுங்கள். கூர்மூலையில் ரப்பர் சீல் மடிந்து இடைவெளி விடும், பலகையும் அங்கிருந்துதான் கீறும். திறப்பை வெட்டும்போது ஒரே மூச்சில் வெட்டி எடுக்காமல் நாலு இடத்தில் ஓர் அங்குலம் விட்டு வையுங்கள். சுவர் நிமிர்ந்து கூரை ஏறிய பிறகு அந்த நாலையும் அறுத்தால், சுவர் தூக்கும்போது வளைந்து முறியாது. வெட்டி எடுத்த அதே துண்டே கதவாகிவிடும், மர ரேகையும் ஒட்டி வரும்.

தரைக்கு 3/4 அங்குல ப்ளைவுட், நேராக இரும்பின் மேல். அடிப்பக்கத்தைத் திருப்பிப் போட்டு வேலையை முடித்துவிடுங்கள், ஏனென்றால் பிறகு ஒருபோதும் அதைப் பார்க்க மாட்டீர்கள். விளிம்புக்கு மூன்று பூச்சு எப்பாக்சி (ரெசினும் ஹார்டனரும் கலந்து பூசும் பிசின்). அடிப்பரப்புக்கு எப்பாக்சியோ, கூரைக்குப் பூசும் தார்க் குழம்போ. தார் மலிவு, நன்றாகவே உழைக்கும், ஆனால் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. பசை படவேண்டிய இடத்தில் முதலிலேயே டேப் ஒட்டி மறையுங்கள். இரும்போடு பிணைக்க 3/8 அங்குல கேரியேஜ் போல்ட், கீழே அகல வாஷர், பூட்டு நட்டு. ஒவ்வொரு துளையையும் பெரிதாகத் துளைத்து எப்பாக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது, பிளாஸ்டிக் வளையம்தான் இருக்கும். இந்தப் பழக்கத்தை விசிறி, விளக்கு, கீல் என்று ஈரம் தொடும் எல்லா ஸ்க்ரூத் துளைக்கும் கடைப்பிடியுங்கள். அலுப்பான வேலைதான். கேம்பரின் ஆயுளை இதைவிட மலிவாக நீட்டும் வேலை வேறில்லை.

எப்பாக்சி பற்றிச் சொல்லிவிடுகிறேன். அளவு தப்பினால் அது கெட்டிப்படாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். 'கொஞ்சம் அதிகம் ஹார்டனர் ஊற்றினால் சீக்கிரம் காயும்' என்பது பாலியெஸ்டர் ரெசினின் பழக்கம், இங்கே செல்லாது. ஐந்துக்கு ஒன்று என்றால் ஐந்துக்கு ஒன்றுதான். கலக்கிய கோப்பையிலேயே வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும். கலக்கியதும் தட்டையான தட்டில் ஊற்றிவிட்டால் வேலை நேரம் கூடும். காய்ந்தபின் மேலே மெழுகு போல ஒரு படலம் வரலாம். அது தண்ணீரில் கரையும். தேய்க்கும் முன் ஈரத் துணியால் துடைக்காவிட்டால், அடுத்த பூச்சு மீன்கண் போலப் பிரியும். முக்கியமாக, எப்பாக்சி வெயில் தாங்காது. மேலே பெயிண்டோ, புற ஊதாத் தடுப்புள்ள ஸ்பார் வார்னிஷோ கட்டாயம். மர ரேகை தெரிய வார்னிஷ் போட ஆசையிருந்தால் நாலைந்து பூச்சும் அதன்பின் ஆண்டுக்கொரு முறை தேய்த்துப் பூசும் பொறுமையும் வேண்டும். கராஜுக்குள் நிறுத்த இடமில்லாதவர்கள் பெயிண்டே அடித்துவிடலாம்.

சுவரை நிறுத்தும்போது தரையின் விளிம்பில் நேராக ஸ்க்ரூ அடித்து அதை நம்பாதீர்கள். ப்ளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ அடுக்கைப் பிரிக்கும், பிடி குறைவு. உள்மூலையில் முக்காலுக்கு ஒன்றரை அங்குல மூலைச்சட்டம் ஓடவிட்டு, தரைக்கும் சுவருக்கும் பசையோடு பிணையுங்கள். பசைக்கு டைட்பாண்ட் 3 (தண்ணீர் தாங்கும் மரப்பசை) போதும், இடைவெளி உள்ள இடத்தில் பாலியூரிதேன் கட்டுமானப் பசை. சுவரின் அடி விளிம்பு இரும்பின் மேல் உட்காரும். அங்கே 1/8 அங்குலம் விட்டு, விளிம்பை எப்பாக்சியால் அடைத்தால் தண்ணீர் தேங்கி ஏறாது. சுவர் இரண்டும் நின்றவுடன் நடுத் தடுப்புப் பலகையை ஏற்றுங்கள், கூரைக்கு முன்பே. படுக்கைக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் நிற்கும் அதுதான் உடம்பை முறுக்காமல் வைத்திருப்பது. மூலைக்கு மூலை நாடா பிடித்து இரண்டு குறுக்களவும் 1/8 அங்குலத்துக்குள் ஒத்துவந்த பிறகே பசை போடுங்கள்.

கூரைக்கு ஒன்றரை அங்குல ஆழமுள்ள குறுக்குச் சட்டங்கள், பாப்லர் அல்லது முடிச்சில்லாத பைன், நேரான இடத்தில் 16 அங்குலத்துக்கு ஒன்று, வளைவில் 8 அல்லது 10 அங்குலத்துக்கு ஒன்று. விசிறிக்கு 14 அங்குலச் சதுரத் திறப்பு, நாலு புறமும் சட்டம். பின்மூடியின் கீல் உட்காரும் சட்டம் மட்டும் இரட்டை, ஏனென்றால் மூடியின் பாரம் முழுவதும் அதில்தான் தொங்கும். உள்கூரைப் பலகையைக் கீழே மேசைமேல் வைத்து வார்னிஷ் அடித்துக் காயவைத்த பிறகு ஏற்றுங்கள். தலைக்கு மேல் வார்னிஷ் அடிப்பது தண்டனை. சட்டங்களுக்கு நடுவில் ஒயர், பிறகு எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன்) ஃபோம், பிறகு வெளிக்கூரை ப்ளைவுட். எப்பாக்சி இந்த ஃபோமைக் கரைக்காது, பாலியெஸ்டர் ரெசின் கரைத்துவிடும்.

ப்ளைவுட்டின் மேல் 0.040 அங்குல அலுமினியத் தகடு. இதைப் பரப்பு முழுக்கப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டாம். பத்தடித் தகடு குளிர்காலத்துக்கும் கோடைக்கும் இடையே 40 டிகிரி செல்சியஸ் மாறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும், மரம் அப்படி நீளாது. ஒட்டிய தகடு வயிறு உப்பித் தட்டொலி எழுப்பும். தகடு சும்மா படுத்திருக்க, ஓரத்தில் பியூட்டைல் டேப்பும் (ரப்பர் போன்ற ஒட்டும் சீல் பட்டை) அலுமினிய மூலைப்பட்டியும் அதைப் பிடிக்கட்டும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத எஃகில், 3 அங்குலத்துக்கு ஒன்று. சிலிக்கோன் சீலண்ட் எங்குமே வேண்டாம். அதன்மேல் பெயிண்ட் நிற்காது. பெயர்த்த பிறகும் அதன் தடத்தில் வேறு சீலண்ட் ஒட்டாது. விசிறியைச் சுற்றி, தானாகப் பரவும் கூரைச் சீலண்ட்.

பின்மூடி. டியர்டிராப் கட்டுபவர்களை அழவைப்பது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வளைத்து ஒட்டிய எந்தப் பலகையும் பிடியை விட்டதும் கொஞ்சம் நிமிரும். ஒரே ஒரு தோல் (மெல்லிய ப்ளைவுட் உறை) ஒட்டிய மூடி நிறையவே நிமிர்ந்து, கீழ்விளிம்பு உடம்பை விட்டு ஓர் அங்குலம் விலகி நிற்கும். விலாச் சட்டங்களின் உள்ளும் வெளியும் இரண்டு தோல் ஒட்டினால் அது மூடிய பெட்டியாகி வளைவைப் பிடித்துக்கொள்ளும். எனவே இலேசாக இருக்கட்டும் என்று உள்தோலை விட்டுவிடாதீர்கள். விலாக்களைச் சுவர் அச்சிலிருந்தே 3/4 அங்குல ப்ளைவுட்டில் வெட்டுங்கள், இரண்டங்குல ஆழம். மூடியைத் தனியாக மேசையில் கட்டாமல் கேம்பரின் மேலேயே, அது மூடியிருக்க வேண்டிய இடத்திலேயே கட்டுங்கள். சுவருக்கும் ஓர விலாவுக்கும் நடுவில் இருபுறமும் 1/4 அங்குலத் துண்டுப் பலகைகளைச் செருகினால் சீல் உட்காரும் இடைவெளி தானாக வரும். பசை உடம்பில் ஒட்டாதிருக்க நடுவில் பாலித்தீன். உள்தோல், ஒயர், ஃபோம், வெளித்தோல் என்ற வரிசையில் போய், கடைசியாகச் சரக்குப் பட்டைகளால் இறுக்கி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மறுநாளே ஆர்வத்தில் திறந்தால் நிமிர்ந்துவிடும்.

திறந்து மூடும்போது இரண்டு கீழ்மூலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்று முந்தினால் மூடி முறுகியிருக்கிறது. கால் அங்குலம் வரை முறுகல் இருந்தால் இரு மூலையிலும் தனித்தனித் தாழ்ப்பாள் போட்டு இழுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் வெளித்தோலைப் பிரிக்க வேண்டியதுதான், வேறு மருந்தில்லை. கீலுக்கு சாதாரணப் பியானோ கீல் வேண்டாம், அதன் மூட்டு முழுக்கத் தண்ணீர் இறங்கும். ஒன்றோடொன்று கோத்து உருளும் அலுமினிய 'ஹரிக்கேன்' கீல் போடுங்கள். அதுவும் இரண்டு முனையில் ஒழுகும், அதனால் கீல் சுவரின் வெளிவிளிம்பு வரை போக வேண்டும், நடுவிலேயே நின்றுவிடக் கூடாது. சுவரின் ஓரத்தில் மூடிக்குள் ஒரு சிறு வடிகால் பட்டி ஓடவிட்டால், முதல் சீலைத் தாண்டும் தண்ணீரும் கீழே வழிந்துவிடும். சீல் ஒன்றே தடுத்துவிடும் என்று எண்ணாமல், உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழி வைப்பதுதான் நல்ல கட்டுமானம். கதவுக்கும் இதே நியாயம். மூடியைத் தூக்கி நிறுத்தும் கேஸ் ஸ்பிரிங், மூடி முழுக்க மூடியிருக்கும்போது அடிமுட்டக் கூடாது, அரை அங்குலமாவது மிச்சம் இருக்கட்டும். ஸ்பிரிங்கை மாட்டும் முன் மூடியின் எடையைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மெத்தப் பலமான ஸ்பிரிங் போட்டால் அது மூடியையே முறுக்கிவிடும்.

மின்சாரத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பு மரம் என்பதால் விளக்குகளுக்கு உடம்பு வழியாக எர்த் கிடைக்காது, ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் ஒயர் இரும்புச் சட்டம் வரை போக வேண்டும். பின்விளக்கு மங்கலாக எரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். உள்விளக்கு வட்டத்துக்கு 14 கேஜ் ஒயர், 15 ஆம்பியர் ஃபியூஸ், ஃபியூஸ் பேட்டரியின் பக்கத்திலேயே. விளக்கு உள்ளே, அடுப்பு வெளியே. கேஸ் அடுப்போ ஹீட்டரோ படுக்கை அறைக்குள் எரியக் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். இருவர் மூச்சு விடும் ஈரமே ஓர் இரவில் கூரையில் வேர்த்துக் கொட்டும், அதனால் விசிறி ஓடும்போது காற்று வர எதிர்ப்புறம் ஒரு சன்னலாவது திறக்க வேண்டும்.

கடைசியாகப் பாரம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகம் மேலே தூக்குவதுபோல்தான் இங்கும். டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்ட ஆரம்பிப்பது பெரும்பாலும் முன்பாரம் போதாததால். ஏர்க்கால் முனையில், காரின் கொக்கி மேல் விழும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும்: 950 பவுண்டுக்கு 95 முதல் 142. சிஆர்-வி கொக்கியின் வரம்பு 150, ஆக நமக்குக் கிடைக்கும் பாதை குறுகலானது. கொக்கிக்கும் ஆக்சிலுக்கும் 96 அங்குலம் என்றால், 12 சதவீதம் கிடைக்க மொத்தப் பாரத்தின் மையம் ஆக்சிலுக்குப் பதினொன்றரை அங்குலம் முன்னால் இருக்க வேண்டும். சமையல் மேடை முழுவதும் ஆக்சிலுக்குப் பின்னால் தொங்குகிறது என்பதை மறக்காதீர்கள். அங்கே 36 அங்குலம் பின்னால் 60 பவுண்டுத் தண்ணீர்க் கேனை வைத்தால் கொக்கி எடையில் 22 பவுண்டு குறையும். தண்ணீரைப் படுக்கைக்கு அடியில் முன்னால் வையுங்கள், பேட்டரியை ஏர்க்கால் பெட்டியில் வையுங்கள். பயணத்துக்கு ஏற்றியபடியே, கொக்கி உயரத்துக்குக் கட்டை அடுக்கி அதன்மேல் குளியலறைத் தராசு வைத்து ஏர்க்காலை இறக்கினால் எடை தெரிந்துவிடும். கட்டும்போதே, கூரை ஏறும் முன் ஒருமுறை அளந்தால் அலமாரியை நகர்த்த இன்னும் வழி இருக்கும்.

சாமான் செலவு இப்போதைய விலையில், விசிறியும் சன்னலும் பேட்டரியும் சேர்த்தால், டிரெய்லர் நீங்கலாக 2,000 டாலருக்குள் முடிப்பது கடினம். பட்ஜெட் இடித்தால் பேட்டரியையும் அலங்காரத்தையும் தள்ளிப்போடுங்கள், எக்ஸ்டீரியர் ப்ளைவுட்டையும் எப்பாக்சியையும் தள்ளாதீர்கள்.

முடிந்ததும் ரப்பர் ஓஸால் அரை மணி நேரம் எல்லாப் பக்கமும் அடியுங்கள், முன்னாலிருந்து பின்னோக்கி, மழையில் ஓடுவது போல. உள்ளே ஒருவர் டார்ச்சோடு படுத்திருந்து விசிறியின் மூலை, கீலின் முனை, கதவின் கீழ்மூலை மூன்றையும் பார்க்கட்டும். சொட்டினால், உள்ளிருந்து அடைக்காமல் வெளியே தண்ணீர் நுழையும் இடத்தைத் தேடி அடையுங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்ட காற்றழுத்தத்தை நிரப்பி, 65 மைலுக்கு மேல் போகாமல், முதல் 50 மைலில் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்கி, பேரிங் மூடியைத் தொட்டுச் சூடு பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு என்றால் பேரிங் மிக இறுக்கமாக இருக்கிறது, அல்லது கிரீஸ் இல்லை. அங்கேயே நிறுத்திச் சரிசெய்யாமல் மேற்கொண்டு ஓட்ட வேண்டாம்.